முதல் வாரம் பேனா, அப்புறம்தான் பிட்: சிறிய சிஎன்சி மில்லிங் மெஷினை ஓட்டத் தொடங்குவோருக்கு

கணினிக் கட்டளைப்படி நகர்ந்து வெட்டும் சிஎன்சி மெஷினைப் பூட்டி முடித்து, மோட்டார் மூன்றும் சுற்றுவதைப் பார்த்துவிட்டால் கை சும்மா இருக்காது. ஒரு பலகையை வைத்துப் பேரையாவது செதுக்கிப் பார்க்கத் தோன்றும். நானும் அதைத்தான் செய்தேன். பத்து நிமிடத்துக்குள் இரண்டு பிட் (சுழன்று வெட்டும் முனை) உடைந்தது. கிளாம்பின் மேல் பிட் போட்ட கோடு இன்னும் அழியவில்லை. அதற்குப் பிறகு, பிட்டைச் சுழற்றும் ஸ்பிண்டிலின் பக்கத்தில் ஒரு பால்பாயிண்ட் பேனாவை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி ஒரு வாரம் வெறும் காகிதத்தில் கோடு போட்டேன். பிட் உடைத்துக் கற்றதைவிடப் பேனாவில் கற்றது அதிகம். அதனால் இந்தக் கட்டுரையும் அந்த வரிசையில்தான் போகும்.

ஒரு குறிப்பு. கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் ஜி21, எம்3, டாலர் எச் என்று எழுதுகிறேன். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். ‘டாலர்’ என்று வருமிடத்தில் $ குறியைப் போட வேண்டும்.

யார் யாருக்கு என்ன வேலை

புதிதாக வருபவர் குழம்புவது மென்பொருளின் எண்ணிக்கையில்தான். வேலை நான்கு பேருக்குப் பிரிந்திருக்கிறது என்று புரிந்துகொண்டால் போதும். பொருளை வரைவது ஒன்று. அந்த வரைபடத்தைப் பார்த்து பிட் எந்தப் பாதையில் போக வேண்டும் என்று கணக்குப் போட்டு ஜி-கோட் என்ற நகர்வுக் கட்டளைகளை எழுதுவது இரண்டாவது. அந்தக் கோடை வரிவரியாக மெஷினுக்கு அனுப்புவது மூன்றாவது. மெஷினின் மின்னணுப் பலகையில் உட்கார்ந்து, வந்த வரியை மோட்டார் துடிப்புகளாக மாற்றுவது நான்காவது.

முதல் இரண்டையும் ஃப்ரீகேட் ஒன்றே செய்துவிடும். முன்பு ‘பாத்’ என்று இருந்த பகுதிக்கு இப்போது ‘கேம்’ என்று பெயர். பழைய பாடங்களைப் படிக்கும்போது இதை நினைவில் வையுங்கள். எழுத்து, படம் மாதிரி தட்டையான வேலைக்கு இங்க்ஸ்கேப் போதும். அதிலேயே ஜி-கோட் எழுதும் நீட்சி இருக்கிறது. அனுப்புவதற்கு யூனிவர்சல் ஜிகோட் சென்டர், பிசிஎன்சி, கேண்டில் என்று பல உண்டு. எதை எடுத்தாலும் சரிதான், ஆனால் ஒன்றை எடுத்து அதிலேயே பழகுங்கள். வாரம் ஒன்றாக மாற்றினால் பொத்தான் தேடுவதிலேயே நேரம் போய்விடும்.

நான்காவது வேலைக்குப் பெரும்பாலான சிறு மெஷின்களில் இருப்பது ஜிஆர்பிஎல் என்ற மென்பொருள். 2009-இல் தொடங்கிய திட்டம். ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு மின்னணுப் பலகையின் 8 பிட் சிப்பில், வெறும் 2 கிலோபைட் நினைவகத்தில், மூன்று அச்சுகளையும் வேகம் கூட்டிக் குறைத்து ஓட்டுகிறது என்பது இன்றைக்கும் எனக்கு வியப்புதான். 32 பிட் பலகைகளுக்கு அதன் வழிவந்த ஜிஆர்பிஎல்ஹால், ஃப்ளூயிட்என்சி ஆகியவை இருக்கின்றன. லினக்ஸ்சிஎன்சி வேறு வகை. அமெரிக்காவின் என்ஐஎஸ்டி நிறுவனத்தில் பிறந்த திட்டத்தின் வாரிசு அது. அங்கே கணினியே மெஷினை ஓட்டும். அதற்கு நேரம் தவறாத லினக்ஸ் கெர்னல் வேண்டும். பெரிய இரும்பு மெஷினைச் சிஎன்சியாக மாற்றுபவர்களுக்கு அதுதான் சரி. முதல் மெஷின் மேசைமேல் வைக்கும் அளவுக்குச் சிறியது என்றால் ஜிஆர்பிஎல்லில் தொடங்குங்கள்.

பலகையும் வயரும்

மெஷின் மின்னணுப் பலகையோடு வந்திருந்தால் ஜிஆர்பிஎல் ஏற்கெனவே அதில் இருக்கும். இந்தப் பகுதியை வேகமாகத் தாண்டலாம். ஆர்டுயினோவும் அதன் மேல் சொருகும் சிஎன்சி ஷீல்டும் வாங்கி நீங்களே கட்டுவதாக இருந்தால் மூன்று இடத்தில் அடிபட வாய்ப்பு உண்டு.

முதலாவது, மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் சின்னப் பலகையான டிரைவர். ஏ4988, டிஆர்வி8825 இரண்டும் ஒரே குழியில் உட்காரும், ஆனால் கரண்ட் திருப்பும் சின்ன ஸ்க்ரூ இரண்டிலும் எதிரெதிர்ப் பக்கம் இருக்கிறது. ஸ்க்ரூ இருக்கும் பக்கத்தை அடையாளமாக வைத்துச் சொருகினால் மின்சாரம் கொடுத்த நொடியே புகைதான். ‘எனேபிள்’ என்று எழுதிய காலைப் பார்த்துச் சொருகுங்கள். இரண்டாவது, மெஷினுக்கு மின்சாரம் இருக்கும்போது மோட்டார் வயரைக் கழற்றவோ மாட்டவோ கூடாது. டிரைவர் போய்விடும். மூன்றாவது கரண்ட் அளவு. ஏ4988 பலகையில் உணர்வு மின்தடை 0.1 ஓம் என்றால், ஒரு ஆம்பியருக்கு ஸ்க்ரூவில் 0.8 வோல்ட் வைக்க வேண்டும். குறைவாகத் தொடங்கி, மோட்டார் துடிப்பைத் தவறவிட்டால் கொஞ்சம் ஏற்றுங்கள்.

ஜிஆர்பிஎல்லை ஏற்றும்போது, பதிவிறக்கிய முழுக் கோப்புறையையும் ஆர்டுயினோ மென்பொருளில் நூலகமாகச் சேர்த்துவிட்டு ‘பிழை வருகிறது’ என்று தலையில் கைவைப்பவர்கள் நிறைய. உள்ளே ‘ஜிஆர்பிஎல்’ என்ற பெயரிலேயே இன்னொரு கோப்புறை இருக்கும். அதை மட்டும் சேர்த்து, எடுத்துக்காட்டுகளில் இருக்கும் பதிவேற்றக் கோப்பைத் திறந்து ஏற்றினால் முடிந்தது. இணைப்பு வேகம் 115200. அனுப்பும் மென்பொருளில் இணைத்ததும் பதிப்பு எண்ணோடு வரவேற்பு வரி வரும்.

பழைய ஷீல்டில் இன்னொரு சங்கடம். ஸ்பிண்டில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் வசதிக்காக மேல்கீழ் அச்சான இசட்டின் எல்லையை உணரும் லிமிட் ஸ்விட்சும் ஸ்பிண்டிலும் 11, 12 ஆகிய கால்களைத் தங்களுக்குள் மாற்றிக்கொண்டுவிட்டன. பலகையில் அச்சடித்த பெயர் இன்னும் பழையபடி இருக்கலாம். இசட் ஸ்விட்ச் வேலை செய்யவில்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

ஒரு மி.மீ.க்கு எத்தனை துடிப்பு

மொத்த அமைப்பிலும் முக்கியமான எண் இதுதான். ஜிஆர்பிஎல்லின் அமைப்புகளில் டாலர் 100, 101, 102 ஆகியவை முறையே எக்ஸ், ஒய், இசட் அச்சுகளுக்கு ஒரு மி.மீ. நகர எத்தனை துடிப்பு என்பதைச் சொல்கின்றன. வழக்கமான ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 அடி எடுத்து வைக்கும். டிரைவர் ஒவ்வொரு அடியையும் எட்டாகப் பிரித்தால் ஒரு சுற்றுக்கு 1600 துடிப்பு. லீட் ஸ்க்ரூ ஒரு சுற்றில் 8 மி.மீ. நகர்த்தினால் 1600-ஐ 8-ஆல் வகுக்க 200. டாலர் 100-க்கு எதிரே 200 என்று போடுங்கள். பதினாறாகப் பிரித்தால் 400.

இங்கே ஒரு பொறி உண்டு. இத்தகைய மெஷின்களில் வரும் லீட் ஸ்க்ரூவில் இரண்டு மரைகளுக்கு இடைப்பட்ட தூரம் 2 மி.மீ.தான் இருக்கும். ஆனால் நான்கு மரைகள் சேர்ந்து சுற்றிக்கொண்டு போவதால் ஒரு சுற்றுக்கு 8 மி.மீ. நகரும். மரை இடைவெளியை வைத்துக் கணக்குப் போட்டால் 10 மி.மீ. கேட்டதற்கு 40 மி.மீ. ஓடும். ஸ்க்ரூவைக் கையால் ஒரே ஒரு சுற்று சுற்றி, எவ்வளவு நகர்கிறது என்று ஸ்கேலில் பார்த்துவிடுவது எந்தக் கணக்கையும்விட நம்பகமானது.

அதிகபட்ச வேகம் டாலர் 110 முதல் 112 வரை, நிமிடத்துக்கு மி.மீ. கணக்கில். முடுக்கம் டாலர் 120 முதல் 122 வரை. இரண்டையும் குறைவாக வைத்துத் தொடங்குங்கள்: வேகம் 800, முடுக்கம் 30 என்று வைத்தால் எந்தச் சின்ன மெஷினும் முரண்டு பிடிக்காது. மோட்டார் ‘கிர்ர்’ என்று கத்தி நகராமல் நின்றால் அளவு மீறிவிட்டீர்கள் என்று பொருள். டாலர் 1-க்கு 255 கொடுத்தால் மோட்டார்கள் ஓயாமல் பிடித்துக்கொண்டே இருக்கும். இல்லாவிட்டால் வேலை நின்ற நேரத்தில் இசட் தன் பாரத்தாலேயே சற்று இறங்கலாம்.

இப்போது பேனா

காகிதத்தை மெஷினின் மேசையில் நாலு மூலையிலும் டேப் போட்டு ஒட்டுங்கள். பேனா இறுக்கமாக இருக்கக்கூடாது. மேலே கீழே கொஞ்சம் வழுக்கும்படி ரப்பர் பேண்டில் நிற்க வேண்டும். அப்போதுதான் இசட் ஒரு மி.மீ. அதிகம் இறங்கினாலும் காகிதம் கிழியாது.

முதலில் திசை. எக்ஸைக் கூட்டினால் பேனா காகிதத்தின் மேல் வலப்பக்கம் போக வேண்டும். ஒய்யைக் கூட்டினால் உங்களை விட்டுத் தூரமாகப் போக வேண்டும். இசட் கூடினால் மேலே. மேசையே நகரும் மெஷினில் ஒய் கூடும்போது மேசை உங்களை நோக்கி வரும். அது சரிதான், பதறி மாற்றிவிடாதீர்கள். தவறாக இருந்தால் டாலர் 3-இல் எக்ஸுக்கு 1, ஒய்க்கு 2, இசட்டுக்கு 4 என்று கூட்டிப் போடலாம். ‘க’ என்ற எழுத்தை வரையச் சொல்லுங்கள். கண்ணாடியில் பார்த்த மாதிரி வந்தால் ஓர் அச்சு திரும்பியிருக்கிறது.

அடுத்து 100 மி.மீ. சதுரம். பக்கம் 50 அல்லது 200 என்று வந்தால் டிரைவரின் அடிப் பிரிப்பை அமைக்கும் ஜம்பரோ லீட் கணக்கோ தப்பு. 99.7 என்று வந்தால்? பலர் உடனே டாலர் 100-ஐத் திருத்துவார்கள். பெல்ட் மெஷினில் அது ஏற்கத்தக்கது. ஸ்க்ரூ மெஷினில் வேண்டாம் என்பேன். ஸ்க்ரூவின் லீட் அவ்வளவு மாறாது, அந்த 0.3 மி.மீ. பெரும்பாலும் நட்டில் இருக்கும் ப்ளே (தளர்வு), அல்லது உங்கள் ஸ்கேல். ப்ளேயை எண்ணில் மறைத்தால் 100 மி.மீ. சரியாக வரும், 20 மி.மீ. தப்பாகும்.

சதுரத்தின் மூலைவிட்டங்கள் இரண்டும் 141.4 மி.மீ. இருக்க வேண்டும். இரண்டுக்கும் அரை மி.மீ. வித்தியாசம் என்றால் 100 மி.மீ. நீளத்துக்குச் சுமார் 0.35 மி.மீ. சாய்வு. சட்டத்தின் ஸ்க்ரூக்களைத் தளர்த்தி, மூலைமட்டம் வைத்து, மறுபடி முடுக்குங்கள். இதை மென்பொருளில் தேடாதீர்கள்.

ப்ளே எவ்வளவு என்று பார்க்க, ஒரே இடத்துக்கு இடமிருந்து ஒருமுறை வந்து ஒரு குறுங்கோடு, வலமிருந்து ஒருமுறை வந்து அதன் கீழே இன்னொரு குறுங்கோடு போடச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். விலகி நின்றால் அந்த விலகல்தான் ப்ளே. பேனா தன் பிடியில் ஆடினாலும் இதே மாதிரி தெரியும், அதனால் பேனாவை முதலில் சரிபாருங்கள். ஜிஆர்பிஎல் ப்ளேயை ஈடுகட்டாது. லினக்ஸ்சிஎன்சியில் அந்த வசதி உண்டு. ஸ்பிரிங் வைத்த இரட்டை நட்டுப் போட்டுக் குறைப்பதுதான் இங்கே வழி.

சைபர் எங்கே இருக்கிறது

பிட் உடைவதற்கும் பொருள் வீணாவதற்கும் பெரும்பாலும் காரணம் இது ஒன்றுதான். மெஷினுக்கு இரண்டு சைபர் உண்டு. மெஷினின் சொந்தச் சைபர் ஒன்று. ஹோமிங் செய்யும்போது லிமிட் ஸ்விட்சுகளைத் தொட்டு அது கண்டுபிடிப்பது. வேலையின் சைபர் இன்னொன்று. மேசையில் இருக்கும் பலகையின் எந்த மூலையை நீங்கள் தொடக்கமாக வைத்தீர்களோ அது. ஜிஆர்பிஎல்லில் ஹோமிங் வழக்கமாக வலது மேல் மூலையில் முடிவதால் மெஷின் எண்கள் எல்லாம் மைனஸில் காட்டும். புதியவர் அதைப் பார்த்து ஏதோ கெட்டுவிட்டது என்று நினைப்பார். கெடவில்லை. திரையில் ‘வேலை’ எண்ணை மட்டும் பாருங்கள்.

வேலையின் சைபரை வைக்க ஜி10 எல்20 பி1 எக்ஸ்0 ஒய்0 என்ற கட்டளை. மென்பொருளில் ‘சைபராக்கு’ என்ற பொத்தான் செய்வதும் அதையேதான். இந்த அளவு மின்னணுப் பலகையின் நினைவில் ஜி54 என்ற பெயரில் தங்கிவிடும். லிமிட் ஸ்விட்ச் இருக்கும் மெஷினில் இதன் பலன் பெரிது: நடுவில் மின்சாரம் போனாலும், பிறகு டாலர் எச் கொடுத்து ஹோமிங் செய்தால் பழைய மூலை ஏறக்குறைய அப்படியே கிடைக்கும். ஸ்விட்ச் இல்லாத மெஷினில், மின்சாரம் வந்தபோது எங்கே நின்றதோ அதைத்தான் அது மெஷின் சைபர் என்று எடுத்துக்கொள்ளும். வாங்கும்போது ஸ்விட்ச் இல்லை என்றால் முதல் மேம்பாடு அதுவாக இருக்கட்டும். மின்னிரைச்சலில் தவறாகத் துண்டிக்கும் தொல்லை குறைய, சாதாரண நிலையில் மூடியிருக்கும் ஸ்விட்ச் வகையை எடுத்து டாலர் 5-ஐ மாற்றுங்கள்.

இசட் சைபருக்கு ஒரு காகிதத் துண்டை அடியில் வைத்து, 0.1 மி.மீ. வீதம் பிட்டை இறக்கி, காகிதம் பிடிபடும்போது நிறுத்தலாம். பிட் தொட்டதும் சைகை தரும் தொடுதகடு வைத்திருந்தால் ஜி38.2 அதைச் செய்துவிடும். ஆனால் ஒவ்வொரு முறையும் தகட்டைக் கையில் எடுத்து பிட்டில் தொட்டுப் பார்த்து, திரையில் ‘பி’ என்று காட்டுகிறதா என்று பார்த்த பிறகே பொத்தானை அழுத்துங்கள். பிட்டில் தகட்டின் கிளிப்பை மாட்டாமல் ஒருமுறை விட்டேன். தகடு வளைந்து, பிட் மேசைக்குள் போய் நின்றது.

ஃப்ரீகேடில் ‘ஜாப்’ தொடங்கும்போது வைத்த தொடக்கப் புள்ளியும், மேசையில் நீங்கள் வைத்த சைபரும் ஒரே மூலையாக இருக்க வேண்டும். அங்கே பலகையின் மேல்பரப்பு சைபர் என்று வைத்துவிட்டு இங்கே மேசைப்பரப்பில் வைத்தால் பிட் பலகையின் முழுத் தடிமனையும் ஒரே மூச்சில் வெட்டப் பார்க்கும். கோப்பு எழுதும்போது, மெஷினுக்கேற்ப ஜி-கோடை அமைக்கும் பின்செயலி பட்டியலில் ஜிஆர்பிஎல்லைத் தேர்ந்தெடுங்கள். துளையிடும் ஜி81, பிட் மாற்றும் எம்6 இரண்டும் ஜிஆர்பிஎல்லுக்குப் புரியாது. ‘பிழை 20’ என்று நிற்கும். தனித்தனி பிட்டுக்குத் தனித்தனிக் கோப்பு என்று பிரித்துவிடுவதே எளிது.

பேனாவைக் கழற்றி பிட்டை மாட்டும் நாள்

கண்ணாடி போடுங்கள். கையுறை போடாதீர்கள், சுழலும் பிட் அதைக் கையோடு இழுத்துவிடும். எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) தூசிக்கு முகமூடி வேண்டும். அவசர நிறுத்தம் என்பது திரையில் இருக்கும் பொத்தான் இல்லை. ஸ்பிண்டிலின் மின்சாரத்தையே வெட்டும் ஒரு ஸ்விட்ச், கைக்கு எட்டும் இடத்தில். மெஷின் ஓடும்போது அந்த அறையை விட்டுப் போகாதீர்கள். மரத்தில் உரசி நிற்கும் பிட் தீப்பிடிக்கவும் வைக்கும்.

மேசையின் மேல், வெட்டுப்படுவதற்கென்றே வைக்கும் ஒரு பலிப்பலகையைப் பதித்து, அகலமான பிட்டால் அதன் முகத்தையே ஒருமுறை சீவி எடுங்கள். அதற்குப் பிறகு மேசை அச்சுகளோடு மட்டமாகிவிடும். பொருளைப் பிடிக்கக் கிளாம்ப் போடலாம். தட்டையான துண்டுக்கு, பலிப்பலகையில் ஒன்றும் துண்டின் அடியில் ஒன்றுமாக மாஸ்கிங் டேப் ஒட்டி, இரண்டு டேப்புக்கும் நடுவே சூப்பர் க்ளூ போடுவது எனக்குப் பிடித்தது. மேலே எதுவும் நீட்டிக்கொண்டிருக்காது என்பதால் பிட் இடிக்க ஒன்றும் இல்லை. முழுவதும் வெட்டி எடுக்கும் துண்டுக்கு ஃப்ரீகேடில் ‘டேக்’ வைக்க மறக்காதீர்கள். வெட்டு முடியும் கணத்தில் துண்டு பறக்காமல் அந்தச் சின்னப் பாலங்கள் பிடித்துக்கொள்ளும்.

வேகக் கணக்கு: சுற்று எண்ணிக்கையை பிட்டின் பற்களால் பெருக்கி, ஒரு பல் சீவ வேண்டிய தடிமனால் பெருக்க வேண்டும். நிமிடத்துக்கு 10,000 சுற்று, இரண்டு பல், 0.04 மி.மீ. சீவல் என்றால் நிமிடத்துக்கு 800 மி.மீ. ‘பயமாக இருக்கிறது, மெதுவாக ஓட்டுவோம்’ என்று 100-இல் ஓட்டினால் பிட் வெட்டாமல் தேய்க்கும். சூடேறி முனை மழுங்கும். கீழே விழுவது சீவலாக இருக்க வேண்டும். மாவாக விழுந்தால் ஃபீடை (பிட் நகரும் வேகத்தை) கூட்டுங்கள், அல்லது சுற்றைக் குறையுங்கள். பயத்தை ஆழத்தில் காட்டலாம்: 3.175 மி.மீ. பிட்டுக்கு மென்மரத்தில் ஒரு தடவைக்கு 1 மி.மீ. போதும். பிளாஸ்டிக்குக்கு ஒற்றைப் பல் பிட். இல்லையென்றால் உருகி பிட்டைச் சுற்றிக்கொள்ளும். அலுமினியம் இந்த மாதம் வேண்டாம்.

முதல் ஓட்டம் காற்றில். எக்ஸ், ஒய் சைபரைச் சரியான மூலையில் வைத்து, இசட் சைபரை மட்டும் 20 மி.மீ. உயரத்தில் வைத்து முழுக் கோப்பையும் ஓட்டுங்கள். இறங்கும் ஆழம் அந்த 20 மி.மீ.க்குள் இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். கிளாம்பின் மேல் போகிறதா, பலகையை விட்டு வெளியே போகிறதா என்று தெரிந்துவிடும். பிறகு இசட்டைச் சரிசெய்து, நிஜ வெட்டு. முதல் அரை நிமிடம் கை நிறுத்தும் பொத்தானின் மேலேயே இருக்கட்டும். சந்தேகம் வந்தால் முதலில் ஆச்சரியக்குறி கட்டளை. மெஷின் வேகம் தணிந்து நிற்கும், இடம் மறக்காது. ஓடிக்கொண்டிருக்கும்போதே ரீசெட் அடித்தால் ‘அலாரம் 3’ வரும், இடக்கணக்கை நம்ப முடியாது, மறுபடி ஹோமிங். ஆனால் கை, கண், நெருப்பு என்று வந்தால் யோசிக்காமல் மின்சாரத்தை வெட்டுங்கள்.

‘பிழை 9’ என்றால் மெஷின் பூட்டியிருக்கிறது. டாலர் எச் (ஹோமிங்) அல்லது டாலர் எக்ஸ் (பூட்டு நீக்கம்) கொடுங்கள். ‘அலாரம் 1’ லிமிட் ஸ்விட்ச் தட்டியது. எதுவும் தட்டாமலே வந்தால் மின்னிரைச்சல், ஸ்பிண்டில் வயரையும் ஸ்விட்ச் வயரையும் பிரித்து ஓட்டுங்கள். பாதியில் இணைப்பு அறுந்தால் யூஎஸ்பி கேபிளைக் குட்டையாக்கிப் பாருங்கள். அதற்கு முன் மடிக்கணினி தூங்கப் போகும் அமைப்பை நிறுத்திவிட்டீர்களா என்றும் பாருங்கள். ஒரு வாரம் நான் கேபிளாக மாற்றிக்கொண்டிருந்தேன். கடைசியில் குற்றவாளி பதினைந்து நிமிடத்தில் கண்ணயரும் என் கணினிதான்.

எல்லாம் சரியாக ஓடும் நாளில் இரண்டு டாலர் குறியைத் தட்டி, வரும் பட்டியலை முழுதும் ஒரு கோப்பில் சேமியுங்கள். அதையே ஒரு தாளில் எழுதி, மெஷினின் பக்கவாட்டில் ஒட்டியும் வையுங்கள். மின்னணுப் பலகையை மாற்றும் நாள் வரும். அன்றைக்குக் கணினியில் அந்தக் கோப்பு எங்கே என்று தேட வேண்டியிருக்காது.